சாயநீரும் சிப்பிக்காளானும்

கேள்வி: பட்டு நூலுக்குச் சாயம் தோய்த்தபின் மிஞ்சும் நீரை, மரத்தை மக்கச் செய்யும் காளான்களால் தெளியவைக்க முடியுமா? (வாசகர், திருபுவனம்)

பதில்: முடியும். மழையில் கிடந்த கட்டை உள்ளே வெளுத்து நார்நாராகப் பிரிவதைப் பார்த்திருப்பீர்கள். அது வெண்மக்கல் காளான்களின் வேலை. மரத்துக்கு உறுதிதரும் லிக்னின் ஒழுங்கற்ற அமைப்புடையது என்பதால், அதைச் சிதைக்க இவை சுரக்கும் லாக்கேஸ், மாங்கனீஸ் பெராக்சிடேஸ் முதலிய நொதிகள் ஒரே மூலக்கூறைத் தேடிப் போகாமல், லிக்னினைப் போலவே கார்பன் அணு வளையங்கள் கொண்ட பலவற்றையும் ஆக்சிஜனேற்றம் செய்கின்றன. துணிக்குப் பெரிதும் பயன்படும் செயற்கைச் சாய வகையான அசோ சாயங்கள் பலவும் அதில் அகப்படுகின்றன. நம் ஊர் வைக்கோல் படுக்கையில் வளரும் சிப்பிக்காளானும் இவ்வினமே. அறுவடைக்குப் பின் தூக்கியெறியும் படுக்கையிலும் லாக்கேஸ் எஞ்சியிருக்கும் என்பது டெல்டா விவசாயிகளுக்கு மகிழ்ச்சியான செய்தி.

ஆனால் நீர் தெளிந்ததும் நம்பிவிடாதீர்கள். நீரில் வளர்ந்த காளானின் நூல்போன்ற பூசண இழையை எடுத்துப் பாருங்கள்: அது சிவப்பாகவோ நீலமாகவோ இருந்தால், சாயம் சிதையவில்லை, இழையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். நிறம் உண்மையிலேயே சிதைந்தாலும் நச்சுத்தன்மை நீங்கியதாகாது. அதை ஆய்வகத்தில்தான் அறிய முடியும். இக்காளான்கள் பெரும்பாலும் லேசான புளிப்புத்தன்மையை விரும்புபவை. அமிலச் சாயம் தோய்த்த பட்டுத்தொட்டி நீர் அந்த வகையில் ஏற்றது, உப்பும் காரமும் மிகுந்த பருத்திச் சாயநீர் கடினமானது. திறந்த தொட்டியில் பாக்டீரியாக்கள் பெருகிக் காளானை அடக்கிவிடுவதுதான் பெரிய இடையூறு. எனவே ஒரு வாளி அளவில் தொடங்குங்கள். சோதனை முடிவு வரும்வரை அந்த நீரை வாய்க்காலில் விடவே வேண்டாம்.