சிராயும் முள்ளும் தைத்தால்: கேள்வி பதில்

கட்டுப் போடும் அறையில் நெடுங்காலம் செவிலியராகப் பணியாற்றியவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன். எல்லாருக்கும் பொதுவாக ஒன்று: தைத்த இடத்தைப் பிதுக்காதீர்கள்.

கேள்வி (பண்ருட்டி): சவுக்குக் கழி தூக்கும்போது உள்ளங்கையில் சிராய் ஏறிவிட்டது, நுனி தெரிகிறது. எப்படி எடுப்பது, அம்மா?

பதில்: வீட்டிலேயே எடுக்கலாம். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடையுங்கள். நீரில் ஊறவைக்க வேண்டாம். மரச் சிராய் நீரை உறிஞ்சி உப்பினால், இழுக்கும்போது நார்நாராகப் பிரிந்து உள்ளேயே தங்கிவிடும். முள்வாங்கியை ஸ்பிரிட்டால் துடைத்து, நல்ல வெளிச்சத்தில், சிராய் எந்தச் சாய்வில் நுழைந்ததோ அதே சாய்வில் மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். செங்குத்தாக நிமிர்த்தினால் ஒடிந்துவிடும். தோலுக்கு அடியில் படுத்திருந்தால், ஸ்பிரிட்டால் துடைத்த தையல் ஊசியால் மேல்தோலை மட்டும் நெம்பித் திறந்து, நுனி வெளிப்பட்ட பிறகே முள்வாங்கியை வையுங்கள்.

கேள்வி (தேவனாம்பட்டினம்): வலையில் மீன் பிரிக்கையில் கெளுத்தி குத்திவிட்டது. இதையும் அப்படியே எடுக்கலாமா?

பதில்: இது வேறு. கெளுத்தியின் துடுப்பு முள்ளில் நஞ்சு உண்டு. அது சூட்டில் வீரியம் இழக்கும். ஏறத்தாழ 45 டிகிரிச் சூடுள்ள வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் கையை வைத்திருங்கள். குத்துப்பட்ட கைக்குச் சூடு சரியாகத் தெரியாது என்பதால், மற்றொரு கையால் தொட்டுப் பார்த்த பிறகே இறக்குங்கள். முள் ஒடிந்து உள்ளே நின்றாலோ சிவப்பு பரவினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கல்லீரல் நோயோ சர்க்கரை நோயோ உள்ளவர்கள் சிவப்பு பரவும் வரை காத்திருக்கவே கூடாது, ஏனெனில் கடல்நீர்க் கிருமிகள் அவர்களை மிக விரைவாகச் சாய்த்துவிடும்.

கேள்வி (விருத்தாசலம்): காலில் கருவேல முள் ஒடிந்துவிட்டது. எருக்கம்பால் வைத்தால் தானாக வெளியே வருமாமே?

பதில்: வைக்காதீர்கள். அந்தப் பால் தோலை அரித்துப் புண்ணாக்கும்.

கேள்வி (நெல்லிக்குப்பம்): மன்னிக்கவும் அம்மா, என் பாட்டி அப்படித்தான் எடுப்பார், முள்ளும் வந்தது. பழைய வைத்தியத்தை ஒரே வரியில் தள்ளிவிடலாமா?

பதில்: ஒரு வரியில் முடித்தது தவறாகப் பட்டிருந்தால் விளக்குகிறேன். பால் பட்ட இடம் வெந்து, சீழ் கட்டி, அந்தச் சீழோடு சில நேரம் முள்ளும் வெளியேறுகிறது. ஆகவே பாட்டி கண்டது பொய்யன்று. ஆனால் ஒரு முள்ளுக்காகப் புண்ணை நாமே உண்டாக்குகிறோம், அந்தப் புண் வழியே கிருமி உள்ளே போகிறது. இதைவிடப் பெரிய அச்சம் கண்ணைப் பற்றியது. பால் பட்ட விரலால் கண்ணைத் தேய்த்தால் கருவிழி வீங்கிப் பார்வை மங்கும். தொடக்கத்தில் வலி அதிகம் இல்லாததால் பலர் மருத்துவரிடம் தாமதமாகப் போகிறார்கள். பட்டுவிட்டால் நல்ல தண்ணீரால் நெடுநேரம் கழுவிக்கொண்டே இருங்கள், பிறகு உடனே கண் மருத்துவரிடம் செல்லுங்கள்.

கேள்வி (பாகூர்): அப்படியானால் சுண்ணாம்பும் மஞ்சளும்?

பதில்: சுண்ணாம்பும் தோலை வேகவைக்கும். வேண்டாம்.

கேள்வி (அரியாங்குப்பம்): கைவிரல் மூட்டருகே ஈச்ச முள் குத்திப் பல வாரமாகியும் வீக்கம் வற்றவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்கிறார்கள்.

பதில்: மரமும் தாவர முள்ளும் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியா, உலோகமும் கண்ணாடியும்தான் தெரியும். அல்ட்ராசவுண்ட் பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மூட்டுக்குள் தங்கிய முள் துணுக்கு மூட்டுச் சவ்வை நெடுநாள் வீங்க வைக்கும். மருந்து மட்டும் தின்று காலம் கடத்தினால் அது போகாது.

கேள்வி (வடலூர்): தாலிக்கொடியில் இருக்கும் ஊக்கால் எடுக்கலாமா?

பதில்: வியர்வையும் அழுக்கும் படிந்த ஊக்கு வேண்டாம். முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி (வில்லியனூர்): சிராயை வெந்நீரில் ஊறவைத்தால் எளிதாக வருமா?

பதில்: முதல் பதிலிலேயே சொல்லிவிட்டேன், தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள். வெந்நீர் சொன்னது கெளுத்திக்கு மட்டும்.

கேள்வி (சிதம்பரம்): அப்பாவுக்குச் சர்க்கரை நோய். காலில் ஏதோ தைத்திருக்கிறது, வலியே இல்லை என்கிறார்.

பதில்: வலி இல்லாததுதான் என் கவலை. நரம்பு மரத்த காலில் முள் புதைந்து அழுகினாலும் அவருக்குத் தெரியாது. வீட்டில் ஊசி எடுக்காமல் இன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இனி இரவுதோறும் அவர் உள்ளங்காலை நீங்களே விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள்.

கேள்வி (நெய்வேலி): ரணஜன்னி (டெட்டனஸ்) வராமல் தடுக்கும் டிடி ஊசி ஒவ்வொரு முறையும் போட வேண்டுமா?

பதில்: வேண்டாம். முன்பு முழுமையாகப் போட்டவர்களுக்குச் சுத்தமான சிறு காயமென்றால் கடைசி ஊசிக்குப் பின் 10 ஆண்டு, மண்ணோ சாணமோ பட்ட காயமென்றால் 5 ஆண்டு கடந்திருந்தால் போட வேண்டும். எப்போது போட்டோம் என்றே நினைவில்லாதவர்கள் மருத்துவமனையில் அதைச் சொல்லிப் போட்டுக்கொள்ளுங்கள்.