ஏலத்தில் எடுத்த குதிரையும் சேர்க்கைக் கூலியும்: கேள்வி-பதில்

கேள்வி: அந்தியூர் வட்டாரத்தில் ஒரு பண்ணை வீட்டைக் காலி செய்தபோது, கட்டில், பீரோ, பித்தளை அண்டா ஆகியவற்றோடு நான்கு வயதுக் கத்தியவார் இன ஆண் குதிரை ஒன்றையும் ஏலம் விட்டார்கள். பெட்டைகளோடு சேர்க்கும் பொலிக்குதிரையாக வைத்துப் பிழைக்கலாம் என்று எண்ணி எடுத்தேன். வீட்டுக்கு வந்த பிறகு பார்த்த கால்நடை மருத்துவர், ஒரு விதை (விரை) இறங்கவே இல்லை, இதைப் பொலிக்கு விடக்கூடாது என்கிறார். விற்றவர் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: ஏறக்குறைய உங்கள் கதையே நம் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், மோசடி எது என்று 17ஆம் பிரிவில் விளக்கும்போது எடுத்துக்காட்டாகக் கொள்வது ஒரு குதிரையைத்தான். ஒருவர் தம் குதிரைக்குக் குறை இருப்பதை அறிந்தே அதை ஏலத்தில் விற்கிறார். வாங்குபவரிடம் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. இது மோசடி ஆகாது என்கிறது சட்டம். கேட்பதற்குக் கசப்பாக இருந்தாலும் நிலைமை இதுதான். ஆனால் அதே பிரிவு இன்னொன்றையும் சொல்கிறது. வாங்குபவர், “நீங்கள் மறுத்துச் சொல்லாவிட்டால் குதிரைக்குக் குறை இல்லை என்றே எடுத்துக்கொள்வேன்” என்று கூறி, அதற்கும் விற்பவர் பேசாமல் நின்றால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமமாகிவிடும்.

ஆகவே நீங்கள் முதலில் நினைவுபடுத்திப் பார்க்க வேண்டியது, ஏலத்துக்கு முன் இப்படி ஏதாவது கேட்டீர்களா, கேட்டதை அருகில் நின்ற யாராவது காதில் வாங்கினார்களா என்பதைத்தான். கேட்டிருந்தாலும் ஒரு தடை உண்டு: சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்ற நிலையில், மௌனத்தைக் காரணம் காட்டி ஒப்பந்தத்தை ரத்து செய்ய 19ஆம் பிரிவு இடம் தருவதில்லை. விதை இறங்காத குறை, பின்னால் நின்று பார்த்தாலே தெரியக்கூடியது என்று எதிர்த்தரப்பு வாதிடும்.

ஏல அறிவிப்பிலோ, கைப்பேசியில் வந்த செய்தியிலோ “பொலிக்கு ஏற்றது” என்று ஒரு வரி இருந்தால் உங்கள் கை ஓங்கும். அப்போது விற்றவர் மௌனமாக இருந்தவர் அல்லர், ஒன்றைச் சொல்லி விற்றவர். சொன்ன விவரத்தோடு பொருள் ஒத்துப்போக வேண்டும் என்று 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. மருத்துவரிடம் தேதியிட்ட சான்று வாங்கிக்கொண்டு, தாமதிக்காமல் எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்புங்கள். அதுவரை குதிரையைப் பொலிக்கு விடாதீர்கள், வேறு கைக்கு மாற்றவும் வேண்டாம்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்றால், சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் வாங்கிய பொருளை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கமாகக் கருதாது என்பது உங்களுக்குச் சாதகம். ஆனால் வீட்டைக் காலி செய்யும் குடும்பத்தாரை வியாபாரி என்று நிறுவுவது கடினம். உரிமையியல் நீதிமன்றமே உங்களுக்கு உரிய இடம் என்பது என் கருத்து.

அடுத்த முறைக்காக ஒன்று சொல்கிறேன். ஆடி மாதத்தில் புதுப்பாளையம் குருநாதசாமி கோயில் விழாவில் கூடும் குதிரைச் சந்தையில் வயதான ஒருவர் குதிரை பார்த்த விதம் எனக்கு இன்றும் மறக்கவில்லை. உழுத மண்ணில் ஓட்டிக் காட்டிய குதிரையைத் தார்ச்சாலைக்குக் கொண்டுவரச் சொல்லி, தளர்ந்த கயிற்றில் நடையோட்டம் விட்டு, அது தம்மைக் கடக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு குளம்புச் சத்தத்தை மட்டும் கேட்டார். நொண்டும் குதிரையின் அடிகள் ஒரே அளவில் விழுவதில்லை. பிறகு கண்ணைத் திறந்து தலையைக் கவனித்தார். வலிக்கும் முன்கால் தரையில் படும்போது குதிரை தலையை மேலே தூக்கும். அதன் பிறகுதான் உதட்டைப் பிரித்துப் பல் பார்த்தார். முன்பற்களில் நடுப்பல் இரண்டரை வயதிலும், அடுத்தது மூன்றரையிலும், கடைப்பல் நாலரையிலும் மாறுவதால், ஐந்து வயது வரை வயதைப் பற்றி வாய் பொய் சொல்லாது. உடம்பில் உள்ள மயிர்ச் சுழி பார்ப்பதை அவர் கடைசிக்கு வைத்திருந்தார். சுழி விலையைக் கூட்டவும் குறைக்கவும் செய்வதால் அதைப் பார்ப்பது தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் சுழி சுத்தமாக இருந்தால் காலும் விதையும் சுத்தம் என்று பொருளில்லை.

பொலிக்கு வாங்கும் குதிரைக்கு இரத்தப் பரிசோதனை இல்லாமல் பணம் கொடுக்கவே கூடாது. கிளாண்டர்ஸ் என்ற நோய் மனிதருக்கும் தொற்றக்கூடியது, உயிரைப் பறிக்கக்கூடியது. நோய் உறுதியானால் குதிரையைக் கொல்வதைத் தவிர வழியில்லை. ஹரியானாவின் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் இதற்கான பரிசோதனையைச் செய்கிறது. மாதிரி எடுத்து அனுப்புவது பற்றி உங்கள் பகுதி அரசு கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: அதே மாதிரியான ஒரு வீட்டுச் சாமான் ஏலத்தில் தேக்கு அலமாரியைக் கேட்டேன். எனக்கு எதிராக விலையை ஏற்றிக்கொண்டே போனவர் வீட்டுக்காரரின் மைத்துனர் என்று பிறகு தெரிந்தது. இது செல்லுமா?

பதில்: அவர் தமக்கு அலமாரி வேண்டும் என்று உண்மையாகவே கேட்டிருந்தால் குற்றமில்லை. விற்பவருக்காக, விலையை ஏற்றிவிட மட்டுமே கேட்டிருந்தால், அந்த விற்பனையை ரத்து செய்யும் உரிமை உங்களுக்கு உண்டு. விற்பவர் தாமும் ஏலம் கேட்பார் என்று முன்கூட்டியே அறிவித்திருந்தால் ஒழிய, அவரோ அவருடைய ஆளோ கேட்கக்கூடாது என்பது சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64ஆம் பிரிவு. “ஒரு தரம், இரண்டு தரம்” என்று சொல்லி முடித்து மூன்றாம் தரம் விழும் வரை, கேட்ட விலையிலிருந்து நீங்கள் பின்வாங்கலாம் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. பலர் இதை அறியாமல், வாய் தவறிக் கேட்ட விலைக்கே கட்டுப்பட்டு நின்றுவிடுகிறார்கள்.

கேள்வி: என் பெட்டைக் குதிரையைப் பக்கத்து ஊர்ப் பொலிக்குதிரையிடம் ஒரு முறை சேர்த்தேன். கூலி முழுவதும் கொடுத்தாயிற்று. சினை பிடிக்கவில்லை. கூலியைத் திரும்பக் கேட்டால், சேர்த்ததற்குத்தான் கூலி, சினைக்கு இல்லை என்கிறார்.

பதில்: பேச்சு எதற்கென்று முடிந்ததோ அதற்குத்தான் கூலி. எழுத்து எதுவும் இல்லாத நிலையில் அவர் சொல்வதே நிற்கும் என்று அஞ்சுகிறேன். தவறு அவர் குதிரையுடையதாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பெட்டைக்குச் சுமார் 21 நாளுக்கு ஒரு முறை பருவம் வருகிறது. அது ஐந்து முதல் ஏழு நாள் நீடிக்கிறது. கருமுட்டை வெளிப்படுவதோ பருவம் முடிய ஓரிரு நாள் இருக்கும்போது. முதல் நாளிலேயே ஒரு முறை சேர்த்துவிட்டுத் திரும்பினால், முட்டை வரும் முன்பே விந்தின் உயிர் போய்விடும். பருவம் அடங்கும் வரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் சேர்ப்பதே முறை.

இனி ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்: எத்தனை முறை சேர்க்கை, பெட்டை அங்கே தங்கினால் தீனிச் செலவு யாருடையது, காயம் பட்டால் யார் பொறுப்பு, சினை நிற்காவிட்டால் அடுத்த பருவத்தில் கூலியின்றிச் சேர்க்கை உண்டா என்பவை அதில் இருக்கட்டும். கூலியில் பாதியை ஸ்கேன் பார்த்துச் சினை உறுதியான பிறகு தருவதாகப் பேசுவது இருவருக்கும் நியாயமானது. இரண்டு வாரம் கடந்ததும் ஸ்கேனில் சினை தெரியத் தொடங்கும். குட்டி பிறக்கப் பதினொரு மாதம் ஆகும் என்பதால், குட்டியைக் கண்ட பிறகே முழுக் கூலி என்றால் ஒப்புக்கொள்வோர் குறைவு.

கேள்வி: கைமாற்றுக் கடனுக்காக நீதிமன்றத்திலிருந்து ஜப்தி வரும் என்கிறார்கள். சமையல் பாத்திரம், உழவு மாடு எல்லாவற்றையும் ஏலம் விடுவார்களா?

பதில்: விடமுடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு, தேவையான உடை, சமையல் பாத்திரம், கட்டில், படுக்கை, மத வழக்கப்படி பெண் கழற்றக்கூடாத தாலி போன்ற அணிகலன் ஆகியவற்றை ஜப்தியிலிருந்து விலக்குகிறது. நீங்கள் விவசாயி என்றால், உழவுக் கருவிகளோடு, பிழைப்புக்குத் தேவை என்று நீதிமன்றம் கருதும் மாடுகளும் விதை தானியமும் அதில் அடங்கும். ஜப்தி செய்யும் நீதிமன்ற ஊழியரான அமீனா வரும்போது வாய்மொழியாகச் சொல்வதோடு நிற்காமல், அந்தப் பொருள்களின் பட்டியலை இணைத்து நீதிமன்றத்தில் மனு கொடுத்துவிடுங்கள். மாட்டையே ஈடாகக் காட்டிக் கடன் வாங்கியிருந்தால் மட்டும் நிலைமை வேறு. அந்தப் பத்திரத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு மேற்கொண்டு செயல்படுங்கள்.