புதுநன்மையும் குளூட்டனும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

நாங்கள் கத்தோலிக்கக் குடும்பம். என் ஒன்பது வயது மகளுக்கு நெடுநாளாக வயிற்றுவலி, இரத்தசோகை. கடைசியில் சீலியாக் நோய் என்று உறுதியாகியிருக்கிறது. கோதுமை துளிகூட ஆகாதாம். இந்த வருடம் அவள் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்க வேண்டும். பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் என் தங்கை, "விசுவாசத்தோடு சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது, மாற்கு 16-ஐப் படித்துப் பார்" என்கிறாள். நானோ காணொளிகளைப் பார்த்துப் பார்த்து, கோதுமையே விஷம், இன்றைக்கே வீட்டில் எல்லோருக்கும் நிறுத்திவிடலாம் என்ற எண்ணத்துக்கு வந்துவிட்டேன். ஆனால் ஒன்று உறுத்துகிறது. விஷம் என்றால் ஆண்டவர் ஏன் அப்பத்தை எடுத்து "இது என் உடல்" என்றார்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் மகளின் காரியம். மற்றதெல்லாம் அப்புறம்.

திருச்சபைச் சட்டம் 924-இன்படி ஓஸ்தி, அதாவது நற்கருணை அப்பம், கோதுமையால் மட்டுமே செய்யப்பட வேண்டும். கோதுமையிலுள்ள புரதமான குளூட்டன் அறவே இல்லாத ஓஸ்தி செல்லாது என்று 2003-இல் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் எழுதியது. 2017-இல் வழிபாட்டுப் பேராயமும் அதையே திரும்பச் சொன்னது. இந்த ஒரு வரியைக் கேட்டுவிட்டு மனம் உடைந்து போகிறவர்கள் பலர். ஆனால் அதே 2003 கடிதம் இரண்டு வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது.

ஒன்று, குளூட்டன் மிகக் குறைந்த ஓஸ்தி. அமெரிக்காவில் மிசூரி மாநிலத்தின் க்ளைடு என்ற ஊரிலுள்ள பெனடிக்டின் கன்னியர்கள் கோதுமை மாச்சத்தும் தண்ணீரும் மட்டும் சேர்த்து இதைச் செய்கிறார்கள். அதில் குளூட்டன் 0.01 விழுக்காடு. ஒரு ஓஸ்தி கால் கிராம் என்று வைத்துக்கொண்டால் 0.025 மில்லிகிராம். ஒரு நாளில் மொத்தம் 10 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் பெரும்பாலான நோயாளிகளின் குடலுக்குச் சேதம் வருவதில்லை என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அதே எடையுள்ள சாதாரண ஓஸ்தியிலோ சுமார் 25 மில்லிகிராம் இருக்கும். வித்தியாசம் ஆயிரம் மடங்கு. இருந்தாலும் உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, திராட்சை இரசத்தை மட்டும் வாங்குவது. அப்பத்திலும் சரி, இரசத்திலும் சரி, கிறிஸ்து முழுமையாக இருக்கிறார் என்பது திருச்சபையின் போதனை. எனவே கிண்ணத்திலிருந்து மட்டும் வாங்கினாலும் அது குறைவுபட்ட நற்கருணை ஆகாது. இதில் ஒரு வரலாற்று விசித்திரம் உண்டு. 1415-இல் கான்ஸ்டன்ஸ் பொதுச்சங்கம் இதே போதனையைக் காட்டித்தான் பொதுநிலையினருக்குக் கிண்ணம் வேண்டாம், அப்பமே போதும் என்று விதித்தது. அந்தக் கிண்ணத்தைத் திரும்பக் கேட்டு, இன்றைய செக் நாட்டிலுள்ள பொஹேமியாவில் போரே நடந்தது. கிண்ணத்தைப் பறிக்கப் பயன்பட்ட அந்த வாதம்தான் இன்று அப்பம் சாப்பிட முடியாத உங்கள் மகளின் கையில் கிண்ணத்தைக் கொடுக்கிறது. இறையியல் சில சமயம் இப்படித்தான், எழுதியவர்களே நினைக்காத இடத்தில் போய் உதவும்.

குழந்தைக்கு இரசமா என்று தயங்க வேண்டாம். நொதிப்பதை நிறுத்திவைத்த திராட்சைச் சாற்றுக்கும் ஆயர் அனுமதி தரலாம். குளூட்டன் குறைந்த ஓஸ்திக்கும் அவர் அனுமதிதான்.

கவனிக்க வேண்டியது நடைமுறை. திருப்பலியில் குருவானவர் ஓஸ்தியைப் பிட்டு ஒரு துணுக்கைக் கிண்ணத்தில் இடுவார். அந்தக் கிண்ணம் உங்கள் மகளுக்கு ஆகாது. அவளுக்குத் தனிக் கிண்ணம் வேண்டும், குறைந்த குளூட்டன் ஓஸ்தி என்றால் தனிச் சிமிழ் வேண்டும். சாதாரண ஓஸ்திகளைத் தொட்ட விரலாலேயே அதை எடுத்துக் கொடுத்தால் அத்தனை ஏற்பாடும் வீண். பங்குத்தந்தையிடம் இதையெல்லாம் சொல்லக் கூச்சப்படாதீர்கள். ஏற்பாடு செய்வது பீடத்தில் இருப்பவர்களின் பொறுப்பு, பந்தியில் அமரும் குழந்தையின் பொறுப்பு அல்ல.

கோதுமைதான் என்ற பிடிவாதம் எனக்கு முழுக்க ஒப்புதல் இல்லை. பல சீர்திருத்தச் சபைகள் குளூட்டன் இல்லாத அப்பத்தையே எல்லோருக்கும் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கின்றன. ஆனால் நீங்கள் உங்கள் திருச்சபைக்குள் இருந்து கேட்கிறீர்கள். அதற்குள்ளேயே வழி இருக்கும்போது சண்டை எதற்கு?

இனி விஷம் என்ற பேச்சு. பழைய கோதுமை நல்லது, விஞ்ஞானிகள் கைவைத்த பிறகுதான் கெட்டுப்போனது என்று அந்தக் காணொளிகள் சொல்லியிருக்கும். இத்தாலியின் கோசாவில் கி.பி. 1-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஓர் இளம்பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது. வயது இருபதுக்குள். வளர்ச்சி குன்றியிருந்தாள், எலும்புகளில் சத்துக்குறைவின் அடையாளங்கள். மரபணுவைச் சோதித்தபோது சீலியாக் நோயோடு தொடர்புடைய வகை இருந்தது. புனித பவுல் கடிதங்கள் எழுதிய அதே நூற்றாண்டு. அன்றைய கோதுமையிலும் குளூட்டன் இருந்தது, அன்றும் சிலருக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. காரணம் மட்டும் யாருக்கும் தெரியவில்லை. டச்சு குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே கோதுமைதான் காரணம் என்று தன் ஆய்வேட்டில் நிறுவியது 1950-இல். நெதர்லாந்தில் 1944-45 பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காமல் ஊரே வாடியபோது, இந்த நோயுள்ள குழந்தைகள் தேறியதையும் அவர் கவனித்திருந்தார்.

உலகில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு இந்த நோய் இருக்கிறது. அந்த ஒருவருக்குக் கோதுமை உண்மையிலேயே கேடு. கோதுமை ஒவ்வாமை உள்ளவர்கள், சீலியாக் இல்லாமலே குளூட்டன் ஒத்துக்கொள்ளாதவர்கள் என்று இன்னும் சிலர் உண்டு. மற்றவர்களுக்கு அது உணவு. ஆண்டவர் கையில் எடுத்தது அன்று எல்லோரும் உண்ட உணவை. அதற்கு மருத்துவச் சான்றிதழ் கொடுப்பதற்காக அல்ல. ஐயாயிரம் பேருக்குக் கொடுத்தது வாற்கோதுமை அப்பம் என்கிறார் யோவான். அதிலும் உங்கள் மகளுக்கு ஆகாத புரதம் உண்டு. அதனால் அந்த அற்புதம் பொய்யாகிவிடுமா?

வீட்டில் எல்லோருக்கும் நிறுத்தும் யோசனையைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். இந்த நோய் உள்ளவரின் பெற்றோருக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் அது இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், சுமார் பத்தில் ஒன்று. எல்லோரும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கோதுமையை நிறுத்திய பிறகு செய்தால் நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். பரிசோதனை முடியட்டும், அப்புறம் முடிவு செய்யலாம்.

தங்கை காட்டும் மாற்கு 16-இல், கொல்லும் நஞ்சைக் குடித்தாலும் தீங்கு வராது என்று இருப்பது உண்மை. மிகப் பழைய இரண்டு கைப்பிரதிகளில் அந்தப் பகுதியே இல்லை. அதை வைத்து அவரோடு வாதிட்டால் பேச்சு வேறெங்கோ போய்விடும். மத்தேயு 4-ஐக் காட்டுங்கள். கோவில் உச்சியிலிருந்து குதி, தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்று சாத்தானும் மறைநூலைத்தான் மேற்கோள் காட்டினான். கடவுளைச் சோதிக்காதே என்பது இயேசுவின் பதில். திமொத்தேயுவுக்கு அடிக்கடி உடம்பு சரியில்லாமல் போனபோது பவுல் அவருடைய விசுவாசத்தைச் சந்தேகிக்கவில்லை. வெறும் தண்ணீரை விடு, வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சை இரசம் சேர்த்துக்கொள் என்று எழுதினார்.

தங்கை இதை ஏற்காமல் போகலாம், பரவாயில்லை. ஆனால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். சோதித்துப் பார்க்கிறேன் என்று ஜெபித்துவிட்டு ஒரு துண்டு ரொட்டியைக் குழந்தைக்கு ஊட்டிவிடக் கூடாது. வலி வரவில்லை என்றால் சேதம் இல்லை என்று அர்த்தமில்லை. குடல் உறிஞ்சிகள் சத்தமில்லாமல் தேய்ந்துகொண்டிருக்கும். மகளிடமும் சொல்லிவையுங்கள். சித்தியாகவே இருந்தாலும் வேண்டாம் என்று சொல்ல ஒன்பது வயதில் முடியும்.