அப்பா பெயரில் பட்டா: கனவு இல்லம் கிடைக்குமா?

தம்பி, காரைக்குடி பக்கம் அம்மாவோடு குடிசையில் இருக்கிறீர்கள், பட்டா இறந்துபோன அப்பா பெயரில் இருப்பதால் குடிசைக்குப் பதில் வீடு கட்டப் பணம் தரும் தமிழக அரசின் ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டத்துக்கு உங்கள் மனுவை வாங்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். மனம் விட்டுவிடாதீர்கள். முதலில் வாரிசுச் சான்றிதழ், அதை வைத்து இ-சேவை மையத்தில் பட்டா மாறுதல். 2024-25 பட்ஜெட்டில் அறிவித்த இந்தத் திட்டத்தில் 2030க்குள் 8 லட்சம் வீடுகள் இலக்கு, வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய், 360 சதுர அடி. வேலை நடக்க நடக்கத்தான் தவணை வரும், அவசரப்பட்டு வட்டிக்கு வாங்காதீர்கள்.

அப்புறம் ஒன்று, இது கிராம ஊராட்சிகளுக்கு மட்டும். உங்கள் ஊர் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டதா என்று பாருங்கள். சேர்ந்திருந்தால் பிரதமரின் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தைக் கேளுங்கள். ஆயிரம் ஜன்னல் வீடு என்ற பெரிய மாளிகை இருக்கிற ஊர்ப்பக்கம் அம்மா கீற்றுக்குள் நனைவது எனக்குத் தாங்கவில்லை. சேராத ஊர் என்றால், அடுத்த கிராம சபையில் அம்மாவையே எழுந்து இந்த வீட்டைக் கேட்கச் சொல்லுங்கள்.