பழைய யூஸ்நெட் ஃபைலிலிருந்து படங்களை மீட்பது எப்படி?

கேள்வி: என் மாமா 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் படித்தபோது யூஸ்நெட் குழுக்களிலிருந்து சேமித்த பதிவுகள் ஒரே டெக்ஸ்ட் ஃபைலாகக் கிடைத்திருக்கின்றன. நடுநடுவே பக்கம் பக்கமாகப் புரியாத எழுத்துகள். பெரும்பாலான வரிகள் ஆங்கில ‘எம்’ எழுத்தில் தொடங்குகின்றன. ஃபைல் கெட்டுவிட்டதா?

கெடவில்லை. அந்த ‘எம்’ வரிகள்தான் உங்கள் மாமா சேமித்த படங்களோ நிரல்களோ. தயவுசெய்து எதையும் அழிக்காதீர்கள். முதலில் ஒரு நகல் எடுத்து, அதில் மட்டும் வேலை செய்யுங்கள்.

1979இல் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் ட்ரஸ்காட், ஜிம் எல்லிஸ் இருவருக்கும் தோன்றிய யோசனைதான் யூஸ்நெட், அதாவது பலரும் குழு குழுவாகப் பதிவுகள் போட்டுப் பேசிக்கொள்ளும் கணினி வலை. அதற்கு மையக் கணினி என்று ஒன்று கிடையாது. ஒரு கணினி இன்னொன்றைத் தொலைபேசி வழியே அழைத்துப் புதிய பதிவுகளைக் கொடுக்கும். அது அடுத்த கணினிக்குக் கொடுக்கும். ஒரே பதிவு இரண்டு வழியாக வந்துசேர்ந்தால்? ஒவ்வொரு பதிவிலும் ‘மெசேஜ்-ஐடி’ உண்டு. ஏற்கெனவே பார்த்த ஐடி என்றால் அந்தக் கணினி அதை ஒதுக்கிவிடும். உங்கள் ஃபைலில் ‘பாத்’ என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். ஆச்சரியக்குறிகளுக்கு நடுவே இருப்பவை கணினிகளின் பெயர்கள். வலக்கோடியில் பதிவு புறப்பட்ட இடம், இடக்கோடியில் கடைசியாக வந்துசேர்ந்த கணினி. எனக்கு ஒவ்வொரு பழைய பதிவிலும் முதலில் கண் போவது இந்த வரிக்குத்தான்.

இந்த வழியில் எழுத்துகள் மட்டும்தான் பத்திரமாகப் போய்ச்சேரும். அதனால் படத்தை எழுத்தாக மாற்றி அனுப்பினார்கள். யூயூஎன்கோட் என்ற அந்த முறையில் 3 பைட்டுகள் 4 எழுத்துகளாகும். முழு வரி ஒன்றில் 45 பைட்டுகள் அடங்கும். அவை 60 எழுத்துகளாகும். வரியின் முதல் எழுத்து அந்த வரியில் எத்தனை பைட்டுகள் என்று சொல்லும். 45ஐக் குறிக்கும் எழுத்துதான் ‘எம்’. ஆக, முழு வரி என்றால் 61 எழுத்துகள் இருக்க வேண்டும்.

இந்த 61ஐ மறக்காதீர்கள். பழைய முறையில் பூஜ்யத்துக்கு வெற்றிடத்தையே எழுதினார்கள். சில கணினிகள் வரிக்கடைசி வெற்றிடங்களை வெட்டிவிட்டன. ‘எம்’ வரி ஒன்று 61க்குக் குறைவாக இருந்தால், கடைசியில் வெற்றிடம் சேர்த்து நீட்டிப் பாருங்கள். பல நேரம் அதுவே போதும்.

அடுத்த சிக்கல் துண்டுகள். பெரிய பதிவுகளைச் சில கணினிகள் ஏற்காது என்பதால் ஒரே படத்தை 1/4, 2/4 என்று பிரித்துப் போடுவார்கள். முதல் துண்டில் மட்டும் ‘பிகின் 644’ என்பதோடு ஃபைலின் பெயர் இருக்கும். கடைசித் துண்டில் மட்டும் ‘எண்ட்’. துண்டுகள் வெவ்வேறு வழியாக வந்திருக்கலாம், அதனால் ஃபைலில் உள்ள வரிசையை நம்பாதீர்கள். தலைப்பில் உள்ள எண்ணைப் பார்த்து அடுக்குங்கள். அப்புறம் ஒவ்வொரு துண்டின் மேல்விவரங்களையும் கீழே உள்ள கையொப்பத்தையும் நீக்கி ஒட்டுங்கள். லினக்ஸில், எழுத்தைத் திரும்பப் படமாக மாற்றும் ‘யூயூடிவியூ’ என்ற நிரல் இந்த அடுக்கும் வேலையைப் பெரும்பாலும் தானே செய்துவிடும். முதலில் அதை ஓடவிடுங்கள், தடுக்கும் இடத்தில் மட்டும் கையால் செய்யுங்கள்.

ஒரு துண்டு இல்லாமல் போனாலும் கைவிட வேண்டாம். ஜேபெக் படமாக இருந்து கடைசித் துண்டு மட்டும் இல்லையென்றால், பெரும்பாலும் படத்தின் மேல்பகுதி தெரியும். ஜிப் ஃபைலுக்கு இது பொருந்தாது. அதன் பொருளடக்கம் கடைசியில்தான் இருக்கிறது, அதனால் சாதாரணமாகத் திறக்காது, பழுதுபார்க்கும் நிரல் தேவைப்படும். மீண்டுவருவது இயக்கு நிரலாக இருந்தால் அதை நேரடியாக ஓட்டாதீர்கள். முதலில் வைரஸ் சோதனை செய்துவிட்டு, பழைய டாஸ் நிரல்களை ஓட்டிக்காட்டும் டாஸ்பாக்ஸ் போன்ற ஒன்றுக்குள் திறந்து பாருங்கள்.