நர்சிங் முடித்த தங்கைக்கு சவுதியில் ‘வேலை உறுதி’ என்கிறார் ஏஜென்ட். நம்பலாமா?

கடலூரில் பி.எஸ்சி. நர்சிங் முடித்த தங்கைக்காக ஒன்றரை லட்சம் கட்டலாமா என்று கேட்கிறீர்கள். கட்டாதீர்கள். சட்டப்படி ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணமே 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். ஆஃபர் கடிதத்தைக் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். ‘புரோமெட்ரிக் தேர்வில் (சவுதியில் நர்ஸ் லைசென்ஸுக்கான தேர்வு) தேறினால்’ என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கலாம். அந்த வரி இல்லாவிட்டாலும் தேர்வும் சான்றிதழ் சரிபார்ப்பும் முடியாமல் அங்கே லைசென்ஸ் கிடைக்காது. ஒரிஜினல் சான்றிதழை மட்டும் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள், திரும்ப வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

முதலில் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவை முடிக்கட்டும். சவுதிதான் வேண்டுமென்றால், தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே ஆள் எடுக்கிறது. உள்ளூர் என்றால் அரசு மருத்துவமனைகளுக்கு ஆள் எடுக்கும் எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு, ஆனால் ஆரம்பத்தில் தொகுப்பூதியம்தான். புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள மத்திய அரசு மருத்துவமனையான ஜிப்மரின் வேலை அறிவிப்பையும் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள்.