ஹெச்-இண்டெக்ஸ் 60 என்றால் பெரிய ஆளா?

புற்றுநோய் ஆய்வாளர்களின் கட்டுரைப் பட்டியலை எப்படிப் படிப்பது என்று வந்த கேள்விகளில் சில.

கே: பிஎச்.டி.க்கு வழிகாட்டி தேடுகிறேன். ஒருவரின் ஹெச்-இண்டெக்ஸ் 60, இன்னொருவருடையது 22. 60 உள்ளவரிடம் சேர்வதுதானே நல்லது?

ஹெச்-இண்டெக்ஸ் 60 என்றால், அவருடைய கட்டுரைகளில் 60-ஐ ஒவ்வொன்றும் குறைந்தது 60 முறை மற்ற கட்டுரைகள் மேற்கோள் காட்டியிருக்கின்றன என்று பொருள். இருவரும் எத்தனை வருடமாக ஆய்வில் இருக்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள். இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005-ல் முன்வைத்த இந்த எண்ணுக்கு ஏறத்தான் தெரியும், இறங்கத் தெரியாது. ஆள் ஓய்வு பெற்றுப் போன பிறகும் ஏறிக்கொண்டிருக்கும்.

கணக்கையும் ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். ஆறு கட்டுரைகளுக்கு முறையே 90, 40, 12, 5, 4, 1 மேற்கோள்கள் என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது 4 மேற்கோள் பெற்றவை 5 இருக்கின்றன, 4-க்குக் குறையவில்லை. குறைந்தது 5 பெற்றவை 4 மட்டுமே, 5 இல்லை. ஆகவே ஹெச்-இண்டெக்ஸ் 4. முதல் கட்டுரையின் 90 நாளை 9,000 ஆனாலும் அதே 4தான். துறையையே திருப்பிப்போட்ட ஒரு கட்டுரை இதில் அடையாளமில்லாமல் போய்விடும்.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்க நான் பார்ப்பது வேறு: அவருடைய மாணவர்கள் முதல் ஆசிரியராகக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்களா, அதற்கு எத்தனை வருடம் ஆனது. முடிந்தால் அங்கிருந்து வெளியேறிய ஒருவரிடம் பேசிவிடுங்கள்.

கே: கூகுள் ஸ்காலரில் ஒரு எண், ஸ்கோபஸில் வேறு எண். எது சரி?

இரண்டும் ஆய்வுக் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் எண்ணும் தளங்கள்; இரண்டும் சரி. கூகுள் ஸ்காலர் ஆய்வேடு, மாநாட்டுத் தாள், முன்பதிப்பு (இதழ் ஏற்கும் முன்பே இணையத்தில் போடும் கட்டுரை) எல்லாவற்றையும் சேர்த்து எண்ணுவதால் பெரும்பாலும் அதிகமாகவே காட்டும். ஒப்பிட வேண்டுமென்றால் இருவரையும் ஒரே தளத்தில் ஒப்பிடுங்கள். ஒரே பெயருள்ள வேறொருவரின் கட்டுரைகள் கலந்திருக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள். முதலெழுத்தும் பெயரும் மட்டும் போட்டு எழுதுகிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும்.

கே: ஒரு மனிதர் எப்படி 400 கட்டுரை எழுத முடியும்?

அத்தனையையும் அவரே எழுதியிருக்க மாட்டார். இந்தத் துறையில் வழக்கமாக முதல் பெயர் சோதனையைச் செய்தவருடையது, கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருடையது. நடுவில் இருப்பவர் திசு மாதிரி தந்தவராகவோ புள்ளியியல் பார்த்தவராகவோ இருக்கலாம். பெரிய மருந்துப் பரிசோதனைகளிலும் மரபணுக் கூட்டுத் திட்டங்களிலும் ஆசிரியர் பட்டியலே பக்கக்கணக்கில் நீளும். அவர் முதலிலும் கடைசியிலும் நிற்கும் கட்டுரைகளை மட்டும் தனியே எண்ணுங்கள்; ஆளின் சொந்த வேலை எது என்று தெரியும்.

கே: அதிக மேற்கோள் பெற்ற கட்டுரைதானே பெரிய கண்டுபிடிப்பு?

இல்லை. டக்ளஸ் ஹனஹானும் ராபர்ட் வைன்பெர்க்கும் 2000-ல் 'செல்' இதழில் எழுதிய புற்றுநோயின் அடையாளங்கள் பற்றிய கட்டுரையும் அதன் 2011 தொடர்ச்சியும் இத்துறையில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படுபவை. அவற்றில் புதிய சோதனை ஒன்றுகூடக் கிடையாது. இருந்த அறிவை ஒழுங்குபடுத்தித் தந்தவை. அதுவும் செல்வாக்குத்தான், ஆனால் வேறு வகை. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் 'CA' இதழுக்கு இம்பாக்ட் ஃபேக்டர் (ஓர் இதழின் அண்மைக் கட்டுரை ஒன்றுக்குச் சராசரியாக ஓராண்டில் சேரும் மேற்கோள்) பல ஆண்டுகளாக 200-க்கு மேல் இருப்பதற்கு முக்கியக் காரணம், ஆண்டுதோறும் வரும் நோய்ப் புள்ளிவிவரக் கட்டுரை. அறிமுகப் பத்தியில் எல்லோரும் அதைத்தான் காட்டுகிறார்கள்.

மறுபக்கம் பாருங்கள். 1960-ல் பீட்டர் நோவெலும் டேவிட் ஹங்கர்ஃபோர்டும் நாள்பட்ட ரத்தப் புற்றுநோயில் ஒரு குட்டிக் குரோமோசோமைக் கண்டதாக 'சயின்ஸ்' இதழில் எழுதியது சில பத்திகளே. அது 9-ஆம் குரோமோசோமுக்கும் 22-ஆம் குரோமோசோமுக்கும் இடையிலான துண்டுமாற்றம் என்று 1973-ல் ஜேனட் ரௌலி காட்டினார். அந்த மாற்றத்தால் பிறக்கும் நொதியைக் குறிவைத்த இமாடினிப் மருந்துக்கு 2001-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கோழிக் கட்டிக்கு வைரஸ் காரணம் என்று 1911-ல் எழுதிய பேட்டன் ரௌஸ் நோபல் வாங்கியது 1966-ல். ஐந்தாண்டுக் கணக்கெடுப்பு எதிலும் அவர் தேறியிருக்க மாட்டார்.

கே: அப்பாவுக்குப் புற்றுநோய். அதிக மேற்கோள் உள்ள மருத்துவரிடம் போவது நல்லதா?

அந்த எண்ணை விட்டுவிடுங்கள். எலியில் மரபணு ஆராய்கிறவருக்கும் அது உயரும். உங்கள் அப்பாவுக்கு வந்திருக்கும் அதே வகை நோயை அந்த மருத்துவர் எத்தனை பேருக்குப் பார்க்கிறார், அறுவை, கதிர்வீச்சு, மருந்து மூன்று பிரிவினரும் கூடிப் பேசி முடிவெடுக்கும் வழக்கம் அங்கே உண்டா என்று கேளுங்கள்.

கே: தப்பான கட்டுரைக்கும் மேற்கோள் சேருமா?

தாராளமாகச் சேரும். மறுத்து எழுதுகிறவரும் மேற்கோள்தானே காட்டுகிறார்! திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளை அது தெரியாமலே காட்டுகிறவர்களும் உண்டு. ஆம்ஜென் என்ற மருந்து நிறுவனத்தில் 53 முக்கிய ஆய்வுகளை மறுபடி செய்துபார்த்ததில் 6 மட்டுமே உறுதிப்பட்டன என்று 2012-ல் 'நேச்சர்' இதழில் வெளியானது. அதனால் ஒருவரின் அதிக மேற்கோள் பெற்ற மூன்று கட்டுரைகளை எடுத்து, அவற்றை மேற்கோள் காட்டியவர்களில் யார் அந்த முடிவைத் தம் ஆய்வகத்தில் மீண்டும் பெற்றார்கள் என்று தேடுங்கள். திரும்பப் பெறப்பட்டிருந்தால் பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடுதளத்தில் தலைப்புக்கு அருகிலேயே குறித்திருப்பார்கள்.